அடுத்தது எது என்று முடித்த புத்தகத்தைக் கேளுங்கள்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற நூலகர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வந்தன. கையிலிருந்த புத்தகத்தை முடித்தாயிற்று, அடுத்து எதை எடுப்பது? வேலையில் இருந்த காலம் முழுக்கத் தூத்துக்குடி, கோவில்பட்டி பக்கத்துக் கிளை நூலகங்களில் இரவல் பிரிவு மேஜையில் உட்கார்ந்தவள் நான். இந்தக் கேள்வி தினமும் அந்த மேஜைக்கு முன்னால் வந்து நிற்கும். அதனால் இந்த இதழை முழுசாக இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் இரண்டு பை நிறைய வாங்கி வந்தேன் அம்மா. எல்லாம் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. ஒன்றைத் தொட்டால் இன்னொன்றை எடுத்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. எதில் ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது.
*வாசகர், கோயம்புத்தூர்*

அலமாரிக்கு முன்னால் நின்று யோசிப்பதை முதலில் விடுங்கள் தம்பி. கடைசியாக நீங்கள் முழுசாகப் படித்து முடித்தது எந்தப் புத்தகம்? அதைக் கையில் எடுங்கள். அதில் எந்த இடத்தில் 'இதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே' என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது? அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்த புத்தகம் வரும்.

சும்மா சொல்லவில்லை. தூத்துக்குடியில் உப்பளத்தில் கணக்கு எழுதும் ஒருவர் எங்கள் நூலகத்துக்கு வருவார். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலை அவரிடம் கொடுத்தேன். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல் அது. முசிறியில் பிறந்த அந்த அம்மா எங்கள் ஊருக்கு வந்து, அந்த மக்களோடு பழகி, பார்த்துக் கேட்டு எழுதியது. புத்தகத்தைத் திருப்பித் தரும்போது அவர் சொன்னார்: "எல்லாம் சரிதாம்மா. பாத்தியிலேயிருந்து அம்பாரம் வரைக்கும் உப்பு வந்துட்டுது. அதுக்கப்புறம் அது தோணியிலே ஏறிப் போகுமே, அந்தக் கதையை யாரு எழுதியிருக்கா?"

இதைவிட நல்ல கேள்வியை ஒரு வாசகர் கேட்க முடியாது. ஜோ டி குருஸின் 'கொற்கை'யை எடுத்துக் கொடுத்தேன். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும். பக்கத்தைப் பார்த்து மலைக்காமல் வாங்கிக்கொண்டார். தோணி முதலாளிகள், தோணியை நடத்திப் போகும் தண்டல்கள், துறைமுகம் என்று அவருக்குத் தெரிந்த தூத்துக்குடியும் தெரியாத தூத்துக்குடியும் அதில் இருந்தன. 2013-இல் சாகித்திய அகாதமி விருது வாங்கிய நாவல் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. தவணையை இரண்டு தடவை நீட்டித்துப் படித்தார். முடித்துவிட்டு, "கொழும்பைத் தாண்டிப் போனவங்க கதை ஏதாவது உண்டா?" என்றார். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' அவர் கைக்குப் போனது. இரண்டாம் உலகப் போர் நேரம், ஜப்பானியர் ஆட்சி, சுமத்ராவிலும் பினாங்கிலும் பிழைப்புக்குப் போன தமிழர்கள். சுமத்ராவின் மேடான் நகரில் வேலை பார்த்த மனிதர் எழுதியது. அவர் எழுதிய நாவல்களே மொத்தம் இரண்டுதான்.

எந்தப் பட்டியலிலும் இந்த மூன்றும் இந்த வரிசையில் இருக்காது. உப்பளத்துக் கணக்கருக்கு அது சரியான வரிசை. உங்களுக்கு வேறு வரிசை வரும். வாங்கி வைத்த இரண்டு பையில் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் புத்தகம் இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் வெளியே தேடுங்கள். காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்பதற்காக ஒன்றை வலிந்து படிக்க வேண்டியதில்லை. இப்போது எடுக்காதது அடுத்த வருஷம் உங்களுக்கே தேவைப்படலாம்.

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு எதை எடுத்தாலும் பத்துப் பக்கம் தாண்டவில்லை. என்ன செய்வது?
*கல்லூரி மாணவி, கும்பகோணம்*

ஐந்தாம் பாகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போக மனசில்லாமல் நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் காத்திருந்து படித்தவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். இந்த நேரத்தில் எல்லோரும் செய்வது, அதே மாதிரி தடிமனாக, அட்டையில் வாளும் குதிரையும் போட்ட இன்னொரு சரித்திர நாவலைத் தேடுவது. அதைச் செய்யாதே கண்ணு. எதை எடுத்தாலும் வந்தியத்தேவனோடு ஒப்பிட்டுப் பார்த்து நடுவிலேயே வைத்துவிடுவாய்.

அந்தக் கதையில் உன்னைப் பிடித்து வைத்தது எது என்று பார். கல்கி கதை சொல்கிற தோரணைதான் என்றால் 'சிவகாமியின் சபதம்', அப்புறம் 'பார்த்திபன் கனவு'. எழுதியது முன்பின்னாக என்றாலும் கதை நடக்கிற வரிசை இதுதான். சிவகாமியில் இளைஞனாக இருக்கும் மாமல்லன்தான் பார்த்திபன் கனவில் வயதான சக்கரவர்த்தி.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதுதான் தூங்கவிடவில்லை என்றால், நீ நாவலை விட்டு வரலாற்றுக்குப் போக வேண்டிய ஆள். உன் ஊரிலிருந்து காட்டுமன்னார்கோயில் தொலைவில்லை. அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளுடைய, அவர்கள் உறவினர்களுடைய சொத்தைப் பறிமுதல் செய்த செய்தி அதில் வருகிறது. நாவலில் நீ படித்த ரவிதாசன், கல்லிலும் ரவிதாசனாகவே இருக்கிறான். கதை ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குகிற வீரநாராயண ஏரியும் அந்தப் பக்கம்தான். போய்ப் பார்த்துவிட்டு வந்து தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தைத் திற. நடை கொஞ்சம் பழையது. ஆனால் அடிக்குறிப்பெல்லாம் துப்பறியும் கதை மாதிரி ஓடும். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி எழுதிய சோழர் வரலாறும் தமிழில் கிடைக்கிறது.

நந்தினியைத்தான் மறக்க முடியவில்லை என்கிறாயா? அப்படியென்றால் சரித்திரமே வேண்டாம். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' எடு. சின்னப் புத்தகம். அலங்காரத்தம்மாளின் மனசையும் கடைசிவரை யாராலும் முழுசாகத் திறந்துவிட முடியாது.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடலாமா?
*வாசகர், மதுரை*

தாராளமாக விடலாம். எந்தப் பக்கத்தில் விட்டீர்கள் என்று மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.

விருது வாங்கியது என்கிறார்கள், விமர்சனம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், நண்பர் ஒருவர் 'கட்டாயம் படி' என்கிறார். யார் பேச்சை நம்புவது?
*ஆசிரியர், சேலம்*

ஐயா, புத்தகத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் 'நீங்கள் இதுவரை என்ன படித்திருக்கிறீர்கள்?' என்று கேட்கிறவர் பேச்சை நம்புங்கள்.

உங்கள் ஊர்க்காரர் ஒருவரையே சொல்கிறேன். 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். அங்கே கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் மரியாதைக்காக அவரைப் பார்க்கப் போனார். முதலியார் கேட்டது, யாரிடம் படித்தீர்கள், என்னென்ன படித்தீர்கள் என்பதுதான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் அல்லவா, சாமிநாதையர் பெருமையோடு அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று அடுக்கினார். எத்தனை சொன்னாலும் முதலியார் அசையவில்லை. அவ்வளவும் படித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் இவற்றையெல்லாம் படித்தது உண்டா என்றார். இல்லை. அந்தப் புத்தகங்களே கையில் கிடைக்காத காலம். பிறகு சீவக சிந்தாமணிப் பிரதியை அவரே கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. ஒரு வாசகருக்கு அடுத்த புத்தகம் எது என்று சரியாகச் சொன்ன ஒரு மனிதரால் இவ்வளவும் தொடங்கியது. ஐயரே இதைத் தன் வரலாற்றில் விரிவாக எழுதியிருக்கிறார். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அந்த அத்தியாயத்தை ஒவ்வொரு நூலகரும் படிக்க வேண்டும் என்று பணியில் இருந்தபோது சொல்லிக்கொண்டே இருப்பேன். முதலியார் கையில் பட்டியல் எதுவும் இல்லை. எதிரே இருப்பவருக்கு எவ்வளவு தெரியும், எங்கே ஒரு பெரிய இடம் காலியாக இருக்கிறது என்பதை நாலு கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார்.

விருதுகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்கிற ஒரே ஊரிலிருந்து கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்று இரண்டு பேர் சாகித்திய அகாதமி விருது பெற்றிருக்கிறார்கள். எங்களுக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா! ஆனால் விருது, புத்தகத்தைப் பற்றித்தான் சொல்லும். உங்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. உங்கள் நண்பர் 'கட்டாயம் படி' என்றால், 'எனக்கு ஏன் இது பொருந்தும் என்று நினைக்கிறாய்?' என்று கேளுங்கள். அவரிடம் பதில் இருந்தால் அன்றைக்கே வாங்குங்கள்.

கடையில் நிற்கும் ஐந்து நிமிஷத்தில் ஒரு புத்தகத்தை எப்படி எடை போடுவது? பின்னட்டையைப் படித்து வாங்கினால் ஏமாற்றமாகவே இருக்கிறது.
*வாசகி, ஈரோடு*

பின்னட்டை விற்பதற்காக எழுதுவது, அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் உள்பக்கத்தில் பதிப்பு விவரம் இருக்கும். முதல் பதிப்பு எந்த ஆண்டு, இப்போது எத்தனையாவது பதிப்பு என்று பாருங்கள். மொழிபெயர்ப்பு என்றால், மூல மொழியிலிருந்து நேரடியாக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா, யார் செய்தது என்று பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பிடித்துக்கொண்டே படித்துப்போன வாசகர்களை எனக்குத் தெரியும். மராத்தியிலிருந்து காண்டேகரைக் கொண்டுவந்த கா. ஸ்ரீ. ஸ்ரீ.யின் பெயரைச் சொல்லியே நூலகத்தில் புத்தகம் கேட்பார்கள். வங்காளத்துக்கு த. நா. குமாரஸ்வாமி. ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் பிடித்துவிட்டால், அந்த மொழியின் ஒரு வரிசையே உங்களுக்குத் திறந்துவிடும்.

அடுத்து, முதல் பக்கத்தைப் படிக்காதீர்கள். எல்லோரும் முதல் பக்கத்தை இழைத்து இழைத்து எழுதியிருப்பார்கள். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடத்தைப் படியுங்கள். பேசுவது இன்னார் என்று குறிப்பிடாமலே தெரிகிறதா? அது போதும்.

நூலகப் புத்தகமாக இருந்தால் இன்னொரு வசதி உண்டு. பின்னட்டையின் உள்பக்கம் தேதித் தாள் ஒட்டியிருப்போம். ஊதா மையில் திருப்ப வேண்டிய தேதிகள் வரிசையாக விழுந்திருக்கும். ஒரே வருஷத்தில் நெருக்கமாக முத்திரை விழுந்து, பிறகு ஒன்றுமே இல்லாமல் போன தாள் ஒரு வகை. அந்த வருஷம் அது சினிமாவாக வந்திருக்கும், இல்லாவிட்டால் பத்திரிகைகளில் அடிபட்டிருக்கும். இன்னொரு வகைத் தாளில் முத்திரைகள் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் வருஷத்துக்கு ஒன்று, இரண்டு வருஷத்துக்கு ஒன்று என்று விடாமல் விழுந்துகொண்டே வரும். யாருமே பேசாத புத்தகத்தை யாரோ ஒருவர் எப்படியோ தேடிக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஹெப்ஸிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' எங்கள் நூலகத்தில் அப்படிப்பட்ட தாளோடு இருந்தது. 1964-இல் வந்த நாவல். பனையேறிகளின் ஊர், ஒரு பெண், ஒரு பழைய வீடு. அப்படித் தாள் உள்ள புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போகலாம் என்பது என் அனுபவம்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் காமிக்ஸ் தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்கிறான். அடுத்த கட்டத்துக்கு அவனை எப்படிக் கொண்டுபோவது?
*ஒரு தாய், திண்டுக்கல்*

ஏன் கொண்டுபோக வேண்டும்? 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தது. அதில் பிடித்த வாசிப்பை இன்றுவரை விடாதவர்கள் இப்போது தாத்தாக்கள். அவனே அதில் வரும் ஒரு நாட்டைப் பற்றியோ, ஒரு விமானத்தைப் பற்றியோ ஒருநாள் உங்களிடம் கேட்பான். அன்றைக்கு அது பற்றிய புத்தகம் வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் உங்கள் வேலை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவனை நூலகத்துக்கு அழைத்துப் போய், அவன் பெயரிலேயே உறுப்பினர் அட்டை எடுத்துக் கொடுங்கள். அவன் எடுப்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை நீங்கள் படித்துப் பாருங்கள் அம்மா. பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கி வரும் ஒரு மாமா, கேட்கத் தெரியாத ஒரு பையனை மட்டும் விட்டுவிடுகிறார். அவன் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து அதில் 'அன்பளிப்பு' என்று எழுதித் தரச் சொல்லுவான். ஒரு பிள்ளை கையில் புத்தகம் எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்த கதை அது.

'வாழ்நாளில் படிக்க வேண்டிய நூறு நாவல்கள்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்து முடிக்கலாமா?
*வாசகர், பெங்களூரு*

பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள், வரிசையை விட்டுவிடுங்கள். பெயர் தெரியாமல் போகக் கூடாது என்பதற்குத்தான் பட்டியல்.

எனக்கு 74 வயது. கண் முன்போல் இல்லை, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் படித்தாலே வலிக்கிறது. இனி எத்தனை புத்தகம் படிக்கப் போகிறேன்? புதியவற்றைத் தேடுவதா, பிடித்ததையே திரும்பப் படிப்பதா?
*ஓய்வுபெற்ற தபால் ஊழியர், நாகர்கோவில்*

ஐயா, உங்கள் கடிதத்தை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். ஒரு மணி நேரம்தான் என்றால், எந்தப் புத்தகத்துக்கும் கடன்பட்டவர் இல்லை நீங்கள். பேசப்படுகிறது, எல்லோரும் படிக்கிறார்கள் என்பதற்காக ஒரு பக்கம்கூடத் திருப்ப வேண்டாம்.

நான் திரும்பப் படிப்பதன் பக்கம்தான் நிற்பேன். தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளை இருபது வயதில் படித்தபோது எனக்கு யமுனாவும் பாபுவும் தவிர யாரும் கண்ணில் படவில்லை. ஓய்வு பெற்ற பிறகு திரும்ப எடுத்தேன். இந்தத் தடவை நான் பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணா வீட்டுத் திண்ணையை விட்டு நகரவே இல்லை. அந்தக் கிழவர் காலையில் கேட்கிற சத்தங்களையெல்லாம் சுருதியாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது, பாபுவின் அப்பா மகனுக்கு எழுதும் கடிதம், இவையெல்லாம் முன்பும் அங்கேதான் இருந்திருக்கின்றன. ஆகவே திரும்பப் படிப்பது பழையதைப் படிப்பது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் இத்தனை வருஷம் ஊர் ஊராக, வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த மனிதராக இருந்தால், இளவயதில் படித்ததில் வரும் வீடுகளெல்லாம் இப்போது வேறாகத்தான் தெரியும்.

அப்புறம் ஒன்று. பெரிய நாவல் கண்ணுக்குச் சுமை என்றால் சிறுகதைக்கு வாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு கதை. உங்கள் பக்கத்து சுந்தர ராமசாமி இருக்கிறார், அசோகமித்திரன் இருக்கிறார். வாசித்துக் காட்ட வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். தொடர்கதை வந்த காலத்தில் ஒருவர் உரக்கப் படிக்க வீடே சுற்றி உட்கார்ந்து கேட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைக்கும் அடுத்து எதைப் படிப்பது என்று தானாகவே தெரிந்துவிடும்.

எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் நான் கேட்கும் புத்தகம் எதுவுமே இல்லை. அடுத்தது எது என்று தேர்ந்தெடுக்க, முதலில் புத்தகம் இருக்க வேண்டாமா?
*வாசகி, தென்காசி மாவட்டம்*

நியாயமான கோபம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இலேயே எழுதி வைத்துவிட்டார், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று. சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் வந்ததும் நம் மாநிலத்தில்தான், 1948-இல். உங்கள் வீட்டுச் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

வாயால் கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் தாளில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். அடுத்த மாதம் அதே தாளை நினைவுபடுத்துங்கள். உங்களைப் போலக் கேட்கிற இன்னும் நாலு பேரைச் சேர்த்து வாசகர் வட்டம் இருந்தால் அதில் பேசுங்கள், இல்லாவிட்டால் ஆரம்பியுங்கள். நாலு பேர் எழுத்தில் கேட்ட புத்தகத்தை மாவட்ட மைய நூலகத்துக்கு எழுதுவது நூலகருக்கும் எளிது. மதுரைக்குப் போகிற வேலை இருந்தால் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு பகல் உட்காருங்கள், 2023-இல் திறந்தது. சென்னைக்குப் போனால் கன்னிமாரா. 1896-இல் திறந்த அந்த நூலகத்துக்கு நாட்டில் அச்சாகும் புத்தகங்களில் ஒரு பிரதி சட்டப்படி போக வேண்டும், அதனால் வேறெங்கும் கிடைக்காதது அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். கல்கி போல நாட்டுடைமையான எழுத்தாளர்களின் புத்தகங்களும் பழந்தமிழ் நூல்களும் மதுரைத் திட்டம் என்கிற இணையதளத்தில், 1998 முதல், இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய பதிப்புகள் நிறைய இருக்கின்றன. கைப்பேசியிலேயே திறக்கலாம். நீங்கள் கடைசியாகப் படித்தது என்ன, அதில் எது உங்களை விடவில்லை என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். கடிதத்தின் மேலே 'தென்காசி' என்று போட்டு அனுப்புங்கள், முதலில் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.